குதிரைக்கு வந்த நோய்: காரணத்தை மாட்டுக் கொட்டிலிலும் தேடுங்கள்

காரைக்கால் பகுதியில் குதிரை வளர்ப்போர் இன்று மிகக் குறைவு. கல்யாண ஊர்வலம், கோயில் விழா, பந்தய வண்டி இவற்றுக்காக ஆங்காங்கே ஒரு சிலர் மட்டக்குதிரை வைத்திருக்கின்றனர். அக்குதிரையும் தனியே இருப்பதில்லை. கறவை மாடு, எருமை, நான்கைந்து வெள்ளாடு ஆகியவற்றோடு ஒரே கொல்லையில்தான் கட்டிக் கிடக்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். குதிரை இல்லாதவர்களும் படிக்கலாம். ஆடு, எருமை வைத்திருப்போருக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலை வேளை. முதல் நாள் வரை நன்றாக இருந்த குதிரை பின்கால்களை இழுத்து இழுத்து நடக்கிறது. அல்லது, கொள்ளும் புல்லும் குறையாமல் தின்றும் நாளுக்கு நாள் மெலிகிறது. என்ன நோய் என்று யாருக்கும் புரிவதில்லை. கண் பட்டுவிட்டது என்பார் ஒருவர். எவனோ விஷம் வைத்துவிட்டான் என்பார் மற்றொருவர். இடுப்பில் சூடு போடச் சொல்வோரும் உண்டு. இவற்றில் எதைச் செய்தாலும் நாட்கள்தாம் கழியும். குதிரை வைத்தியத்தில் நாட்கள் விலை மதிப்புள்ளவை.

பழைய புதிர்

நம் கடற்கரைக்குக் குதிரை வெளியிலிருந்து வந்த பிராணி. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறக்குமதியாவதையும், அவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்துவிடுவதையும் எழுதி வைத்தார். பேணத் தெரிந்த ஆட்கள் இல்லாமையும் இந்நாட்டுத் தட்பவெப்பமும் ஒவ்வாத தீனியும் காரணம் என்பது அவர் கருத்து. அக்குதிரைகள் எந்த நோயால் மாண்டன என்று இன்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் ஈரமும் ஈயும் கொசுவும் நிறைந்த நாட்டில் குதிரைக்கு என்ன நேரும் என்பதை இன்றைய கால்நடை மருத்துவம் நன்கு அறியும். அவ்வறிவு கிடைத்த வழியே நமக்கு ஒரு பாடம்.

இரத்தத்தில் கிடைத்த விடை

1880-ஆம் ஆண்டு. இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கான் பகுதியில் இராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் ஒரு கொடிய நோயால் மாண்டு வந்தன. அவ்வூரார் அதைச் சர்ரா என்றனர். காரணத்தைக் கண்டறிய அனுப்பப்பட்டவர் கிரிஃபித் எவான்ஸ் என்னும் கால்நடை மருத்துவர். அவர் நோயுற்ற குதிரைகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்களுக்கு நடுவே, மெல்லிய புழுவைப் போல நெளிந்து ஓடும் நுண்ணுயிர்கள் தென்பட்டன. நோயுற்ற இரத்தத்தை நல்ல நிலையிலிருந்த பிராணிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் அதே நோய் வந்தது.

இத்தனை கண்ட பின்னும் மேலிடத்தார் ஒப்பவில்லை. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1878-இல், கல்கத்தாவில் லூயிஸ் என்னும் மருத்துவர் இது போன்ற உயிரிகளை எலிகளின் இரத்தத்தில் கண்டிருந்தார். எலிகளுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. எலிக்குத் தீங்கு செய்யாதது குதிரையை எப்படிக் கொல்லும் என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் ஓர் உயிரி ஒரு பிராணியில் சாதுவாக இருந்து, அதன் இனத்தைச் சேர்ந்த வேறோர் உயிரி வேறு பிராணியில் எமனாக இருக்கலாம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எவான்ஸ் கூறியதே சரியென்று பின்னர் உறுதியாயிற்று. அந்த ஒட்டுண்ணிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டு, இன்று டிரிப்பனசோமா எவான்சி என வழங்கப்படுகிறது. 1901-இல் ரோஜர்ஸ் என்பவர் குதிரை ஈக்கள் மூலம் இந்நோய் பரவுவதைச் சோதனையால் காட்டினார். எவான்ஸ் நூறு வயது வாழ்ந்து 1935-இல் காலமானார். தம் சொல் நிலைபெற்றதைக் கண்ணால் பார்க்கும் பேறு அவருக்குக் கிடைத்தது.

சர்ரா நோயை அறிவது எப்படி?

இந்நோயின் முக்கிய அடையாளம் விட்டு விட்டு வரும் காய்ச்சல். இரண்டு மூன்று நாள் காயும். பிறகு தானாகவே தணியும். சில நாள் கழித்து மீண்டும் காயும். குதிரை நன்றாகவே தின்னும், ஆனால் இளைத்துக்கொண்டே போகும். கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கும். கண்ணின் உள்மூலையில் சிறு இரத்தப் புள்ளிகள் காணப்படலாம். கால்களிலும் அடிவயிற்றிலும் நீர் கோத்து வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். நோய் முற்றும்போது பின்பாகம் தள்ளாடும். சிகிச்சை செய்யாவிடில் குதிரை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்துவிடும்.

இப்போது மாட்டுக் கொட்டிலுக்கு வருவோம். இதே ஒட்டுண்ணி எருமையிலும் மாட்டிலும் இருக்கும். பெரும்பாலும் அவற்றில் வெளிப்படையாக எந்த நோயும் தெரியாது. பால் சற்றுக் குறையலாம். சினை எருமை கருச்சிதைவு அடையலாம். வேலைப் பளுவோ கன்று ஈனும் அயர்ச்சியோ ஏற்படும்போது திடீரெனக் காய்ச்சல் கண்டு சுற்றிச் சுற்றி வரலாம். மற்ற நாட்களில் எருமை அசை போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். பெரிய குதிரை ஈ ஒன்று அதைக் கடித்து இரத்தம் குடிக்கும்போது எருமை வாலால் அடிக்கிறது. வயிறு நிரம்பாத ஈ பறந்து வந்து பக்கத்தில் நிற்கும் குதிரை மீது அமர்கிறது. அதன் வாயுறுப்பில் ஒட்டியிருந்த ஈர இரத்தம் குதிரைக்குள் போகிறது. ஊசியை மாற்றாமல் இருவருக்குப் போட்டால் என்ன நேருமோ அதேதான் இங்கும் நேருகிறது. ஈயின் வாயில் இவ்வுயிரி நெடுநேரம் உயிரோடு இருப்பதில்லை. ஆதலால் குதிரை எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதே இதில் முக்கியம். எருமையிடமிருந்து சுமார் 50 மீட்டர் தள்ளிக் குதிரையைக் கட்டினால், விரட்டப்பட்ட ஈ அவ்வளவு தூரம் தேடி வராமல் பழைய எருமையிடமே திரும்பிவிடும் வாய்ப்பு மிகுதி.

நாய்களுக்கும் சர்ரா வரும். நாயின் கண் வெண்மேகம் படர்ந்தது போல் மங்கும். மனிதர்களுக்கு இது வருவதில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2004-இல் மகாராஷ்டிர மாநிலம் சந்திரப்பூர் மாவட்டத்து விவசாயி ஒருவருக்கு இது கண்டறியப்பட்டது. இந்த ஒட்டுண்ணியை அழிக்கும் ஒரு புரதம் அவர் இரத்தத்தில் இயல்பிலேயே இல்லை என்பது பின்னர் தெரிந்தது. சிகிச்சையில் அவர் குணமடைந்தார். இது மிக அரிது. எனினும் கையில் காயம் இருக்கும்போது நோயுற்ற பிராணியின் இரத்தத்தைத் தொட வேண்டாம்.

சர்ராவுக்கு மருந்து உண்டு. குயினாபைரமின் என்னும் ஊசி மருந்து நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. குதிரையின் எடையைக் கணக்கிட்டு மருத்துவரே இதைப் போடுதல் வேண்டும். மாட்டுக்கு வாங்கி வைத்த மருந்தில் மீதியைக் குதிரைக்குப் போடுவது தவறு. மாடு தாங்கும் சில மருந்துகளைக் குதிரை தாங்காது. அளவு குறைந்தாலோ, ஒட்டுண்ணி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும்.

இரத்தத்தில் ஒன்றும் தெரியாதபோது

இரத்தத்தைச் சோதித்தாயிற்று, ஒட்டுண்ணி இல்லை, காய்ச்சலும் இல்லை. குதிரை நன்றாகத் தின்கிறது. ஆயினும் பின்கால்கள் பின்னுகின்றன. குளம்பின் நுனி தரையில் உரசுகிறது. திருப்பினால் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது. சில குதிரைகள் ஓரிரு நாளில் படுத்துவிடும். வட இந்தியாவில் இதைக் கும்ரி என்பர். இடுப்பைக் குறிக்கும் கமர் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மழைக்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலுமே இது மிகுதி. இடுப்பில் வாயு இறங்கிவிட்டது, சுளுக்கிக் கொண்டது என்றெல்லாம் எண்ணி இடுப்பிலேயே வைத்தியம் பார்த்து வந்தார்கள். நோயின் காரணமோ இடுப்பிலும் இல்லை, குதிரையின் இரத்தத்திலும் இல்லை.

ஜப்பானில் ஆடுகளையும் குதிரைகளையும் இதே போன்ற இடுப்பு வாதம் தாக்கிவந்தது. அவற்றின் மூளையையும் தண்டுவடத்தையும் மெல்லிய சீவல்களாக வெட்டிச் சோதித்தபோது, ஒரு புழுவின் இளம் பருவம் நரம்புத் திசுவைத் துளைத்துச் சென்ற தடம் தெரிந்தது. நமக்கு அருகிலுள்ள இலங்கையில் குதிரைகளுக்கு வந்த கும்ரியும் அதே நோய்தான் என்பதை இன்னஸ், பிள்ளை என்னும் இரு ஆய்வாளர்கள் 1955-இல் எழுதி வெளியிட்டனர். இந்தியா, பர்மா நாடுகளில் கண்ட கும்ரியையும் அதே கட்டுரையில் சேர்த்துக் கூறியிருந்தனர்.

அந்தப் புழு செட்டேரியா டிஜிட்டாட்டா. இதை நீங்கள் பார்த்திருக்கவும் கூடும். மாட்டை அறுத்த இடத்தில் குடலுக்கு மேலே வெள்ளை நூல் போல நெளிந்து கிடக்கும் புழு இதுதான். மாட்டின் வயிற்றுக் குழியே இதன் சொந்த வீடு. அங்கே அது பெரும்பாலும் எவ்விதத் தொல்லையும் தருவதில்லை. அதன் நுண்குஞ்சுகள் மாட்டின் இரத்தத்தில் மிதக்கும். கொசு அந்த இரத்தத்தைக் குடித்து, சுமார் இரண்டு வாரம் தன் உடலில் அக்குஞ்சுகளை வளர்த்து, பிறகு வேறொரு மாட்டைக் கடித்தால் கதை சுமுகமாக முடியும். மாட்டுக்குப் பதிலாகக் குதிரையையோ ஆட்டையோ கடித்துவிட்டால், புழுக்குஞ்சு வீடு தெரியாமல் உடலெங்கும் அலைகிறது. தண்டுவடத்தில் நுழைந்தால் பின்கால் போகிறது. கண்ணில் நுழைந்தால், கருவிழிக்குப் பின்னால் வெள்ளை நூல் நீந்துவதை வெளிச்சத்தில் பார்க்கலாம். குதிரைக் கண்ணில் புழு என்று ஊரார் வியக்கும் நோய் பெரும்பாலும் இதுவே. கால்நடை அறுவை மருத்துவர் கண்ணைச் சிறிதளவு துளைத்து அப்புழுவை எடுத்துவிடுவார். தாமதித்தால் கண் மங்கிவிடும்.

தஞ்சை, காரைக்கால் பகுதி மக்களுக்கு யானைக்கால் நோய் புதிதன்று. செட்டேரியா அந்த யானைக்கால் புழுவுக்கு உறவு முறை. யானைக்காலுக்கு மக்களுக்குக் கொடுக்கும் டைஎத்தில்கார்பமசின் மாத்திரையே கும்ரிக்கும் தொடக்கத்தில் பயன்படுத்தப்படுகிறது, ஐவர்மெக்டினும் உண்டு. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மருந்து புழுவைத்தான் கொல்லும். அறுந்த நரம்பை அது ஒட்டவைக்காது. முதல் தள்ளாட்டம் கண்ட அன்றே சிகிச்சை தொடங்கிய குதிரை தேறக்கூடும். படுத்துப் பல நாளான குதிரைக்கு நம்பிக்கை குறைவு. உங்கள் வெள்ளாடோ செம்மறியோ மழைக்காலத்தில் திடீரெனப் பின்கால் இழுத்தால் இதே ஐயத்தை மருத்துவரிடம் கூறுங்கள்.

தள்ளாட்டம் எல்லாம் கும்ரி அன்று

இங்கே ஓர் எச்சரிக்கை. வெறிநாய்க்கடி நோயும் குதிரையில் பின்கால் தளர்ச்சியாகத் தொடங்கலாம். எச்சில் ஒழுகும், விழுங்க முடியாமல் திணறும், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போலவே தோன்றும். அப்போது வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவதுதான் நம்மவர் வழக்கம். அதைச் செய்யவே கூடாது. நாய் கடித்ததை நீங்கள் பார்க்கவில்லை என்பது, கடிக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. எச்சில் கையில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நோய் வெளிப்பட்ட பின் இதற்கு மருந்தில்லை, குதிரைக்கும் இல்லை, மனிதருக்கும் இல்லை.

குதிரை மரக்குதிரை போல் நான்கு காலையும் விறைத்து நின்று, காது நிமிர்ந்து, வால் தூக்கி, சிறு சத்தத்துக்கும் துள்ளினால் அது இரணஜன்னி. குளம்பில் ஆணி ஏறியதா என்று பாருங்கள். குதிரை இந்நோய்க்கு மிகவும் இளக்கமான பிராணி, தடுப்பூசி மலிவானது. மூக்கில் கெட்டியான சளியும் தோலில் வரிசையாகக் கட்டிகளும் உடைந்த புண்களும் கண்டால், மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம். குதிரையைத் தனியே கட்டி, உடனே அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். தெரிவிப்பது சட்டப்படியும் கட்டாயம்.

தீனியையும் மறக்கலாகாது. பூசணம் பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையைத் தாக்கும். கோழித் தீவனம் மீதியாகிறதே என்று குதிரைக்குப் போடுவோர் உள்ளனர். சில கோழித் தீவனங்களில் சேர்க்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து கோழிக்கு நன்மை. குதிரையின் இதயத்தை அது சிறிதளவிலேயே அழித்துவிடும். விஷம் வைத்துவிட்டார்கள் என்று அண்டை வீட்டாரோடு சண்டைக்குப் போகுமுன் தீவன மூட்டையைப் பார்ப்பது நல்லது.

மருத்துவர் வருமுன் நீங்கள் செய்யக்கூடியது

ஒரு பழைய பள்ளி நோட்டும், கடையில் கிடைக்கும் வெப்பமானி ஒன்றும் போதும். காலையும் மாலையும் குதிரையின் ஆசனவாயில் வெப்பமானியை வைத்து அளந்து எழுதுங்கள். நல்ல நிலையிலுள்ள குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. கீழ்த்தாடையின் உட்புறம் விரல் வைத்தால் தெரியும். ஐந்தாறு நாள் எழுதிய தாள் ஒன்றை நீட்டினால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதா, அடியோடு இல்லையா என்பதை அந்தத் தாள் ஒன்றுதான் கூறும். நினைவிலிருந்து சொல்லும் கணக்கு பெரும்பாலும் தவறிப்போகிறது.

சர்ராவின் ஒட்டுண்ணி காய்ச்சல் ஏறும்போதுதான் இரத்தத்தில் எளிதாகத் தென்படும். தணிந்தபின் எடுத்த இரத்தத்தில் காணாமற் போகலாம். ஆகவே காய்ச்சல் இருக்கும் வேளையிலேயே மருத்துவரை அழைத்து, காது நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பூச்சு எடுக்கச் சொல்லுங்கள். எந்த ஊசியும் போடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஊசி போட்டபின் எடுத்தால் விடை மறைந்துவிடும், நோய் மறைந்திராது. ஒரு முறை இல்லையென்று வந்தாலும் அடுத்த காய்ச்சலில் மீண்டும் கேளுங்கள். இரத்தப் பூச்சில் தப்பிப் போவதைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனையும் இன்று உண்டு. புதுச்சேரி குரும்பாப்பேட்டிலும் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. குதிரைகளுக்கென்றே ஹரியானா மாநிலம் ஹிசாரில் தேசிய ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. மாதிரியை எங்கே அனுப்புவது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.

அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்ல வேண்டியவை சில உண்டு. அண்மையில் சந்தையிலோ விழாவிலோ வெளியூர்க் குதிரைகளோடு நின்றதா? கொல்லையில் எத்தனை மாடு, எருமை உள்ளன? அவற்றில் ஏதேனும் கன்று வீசியதா? ஆடு ஏதேனும் பின்கால் இழுத்ததா? தீவனம் மாறியதா? குதிரையை மட்டும் காட்டிவிட்டு மாட்டைப் பற்றிப் பேசாமல் விடுவதே நாம் செய்யும் பெரிய பிழை. சர்ரா உறுதியானால் மாட்டையும் எருமையையும் நாயையும் சோதிக்கச் சொல்லுங்கள். இல்லையேல் குணமான குதிரைக்கு அடுத்த மழையில் அதே நோய் திரும்பவும் வரும்.

கொட்டிலும் கொல்லையும்

அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு என்று வாய்க்கால்களால் பின்னிய நம் பகுதியில் கொசுவையும் ஈயையும் அடியோடு ஒழிப்பது நடவாத காரியம். ஆனால் அவற்றின் வழக்கம் தெரிந்தால் குதிரையை ஓரளவு காக்கலாம். குதிரை ஈ பகலில், வெயிலில் கடிக்கும். இருட்டான கொட்டிலுக்குள் வரத் தயங்கும். எனவே ஈ மிகுந்த மாதங்களில் நண்பகலில் குதிரையை நிழலான கொட்டிலில் கட்டி, காலை மாலைகளில் மேயவிடலாம். வாய்க்கால் ஓரச் சேறு அவ்வீயின் புழு வளரும் இடம். அங்கே முளை அடித்துக் கட்டாதீர்கள். வீட்டு ஈயைப் போலவே இருந்து கடிக்கும் சிறு ஈ, சாணமும் வைக்கோலும் கலந்து மக்கும் குப்பையில் பெருகுகிறது. எருக்குழியைக் கொட்டிலை விட்டு அப்பால் வெட்டி, மேலே மண் மூடுங்கள்.

கொசு மாலையிலும் இரவிலும் வருகிறது. நொச்சியும் வேம்பும் போட்டு மூட்டம் இடும் பழக்கம் நல்லதே. ஆனால் புகை அடங்கியதும் கொசு திரும்பிவிடும். மழைக்கால இரவுகளில் குதிரைக் கொட்டிலுக்கு வலை அடிக்க முடிந்தால் அதுவே மேல். ஒரு கொட்டிலுக்கு வலை அடிக்கும் செலவைக் குதிரையின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எவ்வளவு செய்தும் குதிரை இறந்துவிட்டால், புதைக்குமுன் மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். நம் வெப்பத்தில் மூளையும் தண்டுவடமும் விரைவில் கெட்டுவிடும். சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் சோதனைக்கு உதவும். காரணம் தெரிந்தால் கொல்லையில் மீதமுள்ள ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்ன செய்வது என்று அவர் சொல்ல முடியும். வெறிநோய் ஐயம் இருந்தால் நீங்களாக உடலைத் திறக்க வேண்டாம். வாய்க்காலையும் கிணற்றையும் விட்டு விலகிய மேட்டு நிலத்தில் ஆளுயரக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்து, நாய்கள் தோண்டாதபடி மேலே முள் வெட்டிப் போடுங்கள்.